ஓர் அறையில் ஒதுக்கப்பட்டோர்: ‘எ ரேஸ்ற் ஒவ் ஹனி’ திரைப்படத்தில் மாந்தர் பன்மையும் பிரதிநிதித்துவமும்

மணமாகாத இளம்பெண் ஒருத்தி கருவுறுதல் என்பது கதைக்கலைக்குப் புதிய பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நாவல் தொடக்கம் இன்றைய திரைக்கதை வரை அது திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. ஆயின் அதனைக் கையாண்ட முறை பெரும்பாலும் இரண்டு அச்சுகளுள் அடங்கிவிடுகின்றது. முதலாவது, தண்டனை. தவறிய பெண் தெருவுக்கு வருவாள், நோயுறுவாள், அல்லது நீரில் மூழ்குவாள். பார்வையாளர் இரக்கத்தோடும் உள்ளூர ஒரு நிம்மதியோடும் வீடு திரும்புவர். இரண்டாவது, மீட்பு. பெருந்தன்மை வாய்ந்த ஆடவன் ஒருவன் அவளுக்குத் தன் பெயரை வழங்குவான். சமூகம் கலைந்த தன் ஒழுங்கை மீண்டும் சரிசெய்து கொள்ளும். இரண்டிலுமே அப்பெண் ஓர் எடுத்துக்காட்டாகவே நிற்கின்றாள். அவள் எந்த ஊரினள், எந்த வர்க்கத்தவள், அவளைச் சூழ்ந்தோர் யாவர், அவள் வயிற்றில் வளரும் குழந்தையின் நிறம் யாது என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை.

இவ்வினாக்கள் எழும்போதுதான் பிரதிநிதித்துவம் என்னும் பிரச்சினை கலையில் இடம்பெறுகின்றது. ஒரு படத்தில் எத்தனை இனத்தவர், எத்தனை வகையினர் தோன்றுகின்றனர் என்று எண்ணிப் பார்ப்பது அப்பிரச்சினையின் தொடக்கமே அன்றி முடிவன்று. தோன்றுபவர் எவ்வளவு நேரம் நிற்கின்றனர், தம்மைப்பற்றித் தாமே பேசும் உரிமை அவர்களுள் எவருக்குண்டு, கதை முடியும்போது எவர் வீட்டினுள் இருக்கின்றனர், எவர் வெளியே நிற்கின்றனர் என்பனவும் நோக்கப்படல் வேண்டும். இந்நோக்கில் ஆராய்வதற்கு 1961 ஆம் ஆண்டு வெளிவந்த ‘எ ரேஸ்ற் ஒவ் ஹனி’ (தேனின் சுவை) என்னும் பிரித்தானியத் திரைப்படம் மிகப் பொருத்தமானதாகும். ஒதுக்கப்பட்ட பல வகையினரை ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்த துணிவு அதற்குண்டு. அத்துணிவு எங்கே தளர்கின்றது என்பதையும் அதே படம் காட்டிநிற்கின்றது.

இப்படத்தின் மூலம் ஷீலா டெலானி எழுதிய நாடகமாகும். டெலானி 1938 இல் இங்கிலாந்தின் வடமேற்கே, மான்செஸ்ரர் நகரையடுத்த சல்போட்டில், உழைக்கும் வர்க்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர். நாடகம் 1958 மே மாதம் கிழக்கு இலண்டனில் ஸ்ரற்போட் அரங்கில் யோன் லிற்றில்வூட் அம்மையாரின் நெறியாள்கையில் மேடையேறியபோது அவருக்கு வயது பத்தொன்பதே. உயர்குடி வரவேற்பறைகளையே களமாகக் கொண்டிருந்த அன்றைய இலண்டன் மேடையில், சல்போட்டுப் பெண்ணொருத்தி தன் ஊர்ப் பேச்சில் தன் ஊர் மாந்தரைப் பேசவைத்தமை ஒரு நிகழ்ச்சியாகவே கருதப்பட்டது. நாடகம் 1959 இல் இலண்டனின் மேற்குமுனை அரங்குக்கும், 1960 இல் நியூயோர்க்கின் புறோட்வேக்கும் சென்றது. பின்னர் ரொனி றிச்சாட்சன் தமது வூட்போல் நிறுவனத்தின் சார்பில் அதனைத் திரைப்படமாக்கினார். திரைக்கதையை டெலானியும் றிச்சாட்சனும் இணைந்து எழுதினர். ஒளிப்பதிவு வோல்ரர் லசலி. ஜோவாக நடித்த றீற்ரா ரஷிங்ஹாமுக்கு அதுவே முதற்படம். அப்போது அவரும் பத்தொன்பது வயதை எட்டியிருந்தவரே. 1962 ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசை அவரும், சிறந்த நடிகருக்கான பரிசை மறே மெல்வினும் வேறு சிலருடன் பகிர்ந்துகொண்டனர்.

கதை எளியது. பதினேழு வயதினளான ஜோ, தாய் ஹெலனுடன் வாடகை அறை விட்டு வாடகை அறைக்கு அலைபவள். ஹெலன் குடியிலும் ஆடவர் துணையிலும் நாளைக் கழிப்பவள். தாய் பீற்றர் என்னும் இளையவனை மணந்து வெளியேறுகின்றாள். தனித்து விடப்பட்ட ஜோ, ஜிமி என்னும் கறுப்பினக் கப்பற் பணியாளன்பால் அன்பு கொள்கின்றாள். அவனது கப்பல் புறப்பட்டுவிடுகின்றது. சப்பாத்துக் கடையொன்றில் வேலை செய்து தனியே வாழும் அவளுக்கு ஜெவ்றி என்னும் மாணவன் துணையாகின்றான். தன்பாலின விழைவு கொண்டவன் என்பதால் தங்கியிருந்த இடத்தினின்று வெளியேற்றப்பட்டவன் அவன். அவள் கருவுற்றிருப்பதை அறிந்ததும் வீட்டைத் துப்புரவாக்கி, சமைத்து, துணி தைத்து, பிறக்கவிருக்கும் குழந்தைக்காக ஆயத்தஞ் செய்கின்றான். இறுதியில் கணவனாற் கைவிடப்பட்ட ஹெலன் திரும்பி வருகின்றாள். ஜெவ்றி வெளியேற நேர்கின்றது.

இச்சுருக்கத்திலிருந்தே படத்தின் அமைப்பு புலனாகும். உழைக்கும் வர்க்கச் சிறுமி, கணவனின்றிப் பிள்ளை வளர்த்த தாய், கறுப்பின இளைஞன், தன்பாலின விழைவு கொண்டவன், பிறக்கவிருக்கும் கலப்பினக் குழந்தை ஆகிய ஐவருமே அன்றைய பிரித்தானிய சமூகத்தின் மதிப்புக்குரிய குடிகளாகக் கருதப்படாதவர்கள். அவர்களை ஒருங்கே நிறுத்தியதோடு, அவர்கள் பொருட்டுக் கூச்சமோ மன்னிப்போ கோராமல், நகைச்சுவையும் சினமும் கொண்ட மனிதராகவே டெலானி படைத்தார். ஒதுக்கப்பட்டோர் என்பதற்காக அவர்கள் நல்லவர்களாக்கப்படவுமில்லை. ஹெலன் தன்னலம் மிக்கவள். ஜோ கொடுஞ்சொல் உதிர்ப்பவள். ஜெவ்றி சிலவேளை பிறர் வாழ்வில் அளவுகடந்து தலையிடுபவன். குறைபாடுடையோராய் இருக்கும் உரிமையையும் அவர்களுக்கு வழங்கியமையே இப்படைப்பின் முதற் சிறப்பெனலாம்.

இனி, களத்தை நோக்குதல் தகும். சல்போட் பிரித்தானியத் தொழிற்புரட்சியின் தொட்டில்களுள் ஒன்று. ஏங்கெல்ஸ் 1845 இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைபற்றிய நூல் மான்செஸ்ரர், சல்போட் ஆகிய நகர்களின் தெருக்களை நேரிற் கண்டறிந்து எழுதப்பட்டதாகும். 1894 இல் திறக்கப்பட்ட மான்செஸ்ரர் கப்பற் கால்வாய் கடலை அந்நகருக்குள் கொணர்ந்தது. பேரரசின் மூலை முடுக்குகளிலிருந்து மூலப்பொருள்களையும் அவற்றோடு மாலுமிகளையும் சல்போட்டுத் துறைகளுக்கு அழைத்து வந்ததும் அக்கால்வாயே. ஆகவே ஜோவின் தெருவில் கறுப்பினக் கப்பற் பணியாளன் ஒருவன் தோன்றுதல் செயற்கையான புகுத்தலன்று. அது அந்நகரின் பொருளாதார வரலாற்றின் நேர்விளைவு. சுவர்கள் கரிபடிந்த தெருக்களையும் கால்வாயோரங்களையும் படமாக்கக் கலையகத்தை விட்டு வெளியே சென்ற நெறியாளரின் முடிவு, இவ்வுண்மையைச் சொற்களின்றியே உணர்த்துகின்றது.

எனினும் இவ்வெளிப்புறக் காட்சிகள்பற்றி எழுப்பப்பட்ட ஐயமொன்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒக்ஸ்போட்டிற் கல்வி கற்று வந்த நெறியாளர்கள் வடபுலத் தொழில்நகரங்களை அழகிய துயரக் காட்சிகளாக நோக்கினர் என்பது அக்காலப் பிரித்தானியப் புதிய அலைப் படங்கள்மீது விமர்சகர் சிலர் சாட்டிய குற்றம். புகைபோக்கிகளும் ஈரத்தெருக்களும் அங்கு வாழ்வோர்க்கு அன்றாடம். வெளியே இருந்து வருபவர்க்கு அவை ஓவியம். ‘எ ரேஸ்ற் ஒவ் ஹனி’யிலும் மாந்தரைச் சிறு உருவங்களாக்கி நகரைப் பெரிதாக்கும் தூரக் காட்சிகள் உள்ளன. நாடகத்தில் ஊர் முழுவதும் ஓர் அறையின் உரையாடலுக்குள் அடங்கியிருந்தது. பேசுபவரே ஊரைப் படைத்தனர். திரைப்படத்தில் ஊர் பேசுபவரினின்று பிரிந்து பார்வைக்குரிய பொருளாகின்றது. ஆயினும் திரைக்கதையில் டெலானியின் பங்கு இருந்தமையால், உரையாடல் தொடங்கியதும் பார்வை மீண்டும் உள்ளூர்ப் பெண்ணின் பார்வையாகிவிடுகின்றது. படம் முழுவதும் கண் ஒருவருடையதாகவும் நாக்கு மற்றொருவருடையதாகவும் இருப்பதை உணரலாம். அதன் உயிர் நாக்கில் இருக்கின்றது.

அந்நாக்கு ஜோவினுடையது. அவள் கருவுற்ற நிலையைப் படம் நடத்தும் முறையின் முக்கியத்துவத்தை அக்கால நடைமுறையோடு வைத்தே மதிப்பிடல் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1949 முதல் 1976 வரை மணமாகாத தாய்மார்க்குப் பிறந்து மகவேற்புக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 185,000 எனப் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மனித உரிமைகளுக்கான கூட்டுக்குழு 2022 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அத்தாய்மாருட் பலர் குடும்பத்தினரதும் சமய, சமூகசேவை நிறுவனங்களினதும் அழுத்தத்துக்கு உள்ளாகியே பிள்ளையைக் கையளித்தனர் என்பதையும் அவ்வறிக்கை ஏற்றுக்கொண்டது. சட்டபூர்வமான கருக்கலைப்பு 1967 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே சாத்தியமாயிற்று. ஜோ வாழும் உலகில் மூன்று வழிகளே இருந்தன: அவசரத் திருமணம், இரகசியமான ஆபத்து, பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைத்தல். அவள் இம்மூன்றையும் ஏற்கவில்லை. ஜெவ்றி மணம் பேசும்போது மறுத்துவிடுகின்றாள். அவளுக்குத் தண்டனையும் இல்லை, மீட்பும் இல்லை. முற்கூறிய இரண்டு அச்சுகளும் இங்கே உடைகின்றன.

இம்மறுப்பு வீராங்கனையின் மறுப்பன்று. தாய்மையைத் தெய்வநிலையாகக் காட்டும் மரபையும் படம் ஏற்பதில்லை. ஜோவுக்கு அச்சம் உண்டு, வெறுப்பும் உண்டு. தான் பெற்ற தாயன்பின் வறுமையை அறிந்தவளாதலால், தான் தரப்போகும் அன்பைப்பற்றியும் அவளுக்கு ஐயம் உண்டு. படத்தின் மிகக் கூர்மையான காட்சி இதனை உணர்த்துகின்றது. குழந்தையைக் கையாளப் பழகுவதற்கென ஜெவ்றி ஒரு பொம்மை கொண்டு வருகின்றான். அது வெள்ளை நிறப் பொம்மை. அதன் நிறம் பொருந்தாதது என்று கூறி அதனை வீசி எறியும் ஜோ, தாயாகவோ பெண்ணாகவோ இருக்கத் தனக்கு விருப்பமில்லை என்று கதறுகின்றாள். இரண்டு வகைத் துயரங்கள் அக்கணத்திற் கலந்துவிடுகின்றன. ஒன்று, பருவம் முதிராத பெண்ணின் உடல்மீது சுமத்தப்பட்ட தாய்மை. மற்றது, பிறக்கவிருக்கும் குழந்தைக்கு அந்நாட்டின் கடைகளில் ஒரு பொம்மைகூட இல்லாமை. பிரதிநிதித்துவம் என்பது யாது என விளக்க நீண்ட கட்டுரைகள் எழுதப்பட்டுள்ளன. டெலானி அதனை ஒரு பொம்மையின் நிறத்தினாற் சொல்லிவிட்டார். தன் முகத்தை எங்கும் காணமுடியாத உலகொன்றுக்குள் அக்குழந்தை வந்து பிறக்கப்போகின்றது. ஜோ அதனை அறிவாள், அன்புமிக்க ஜெவ்றியோ அதனைச் சிந்தித்துப் பார்க்கவில்லை.

இங்கேதான் ஜிமியைப்பற்றிய வினா எழுகின்றது. அப்பொம்மையின் நிறம் தவறானது என்று சொல்லும் படம், அக்குழந்தையின் தந்தைக்கு எவ்வளவு இடம் வழங்கியுள்ளது? 1948 ஜூனில் ‘எம்பயர் வின்ட்றஷ்’ கப்பல் கரிபியக் குடியேறிகளோடு இங்கிலாந்தை அடைந்தது. நாடகம் மேடையேறிய மூன்று மாதத்தில், 1958 ஓகஸ்ட் இறுதியில், இலண்டனின் நொட்டிங் ஹில் பகுதியிற் கறுப்பினத்தவர்க்கு எதிரான வன்செயல் வெடித்தது. இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் முதற் சட்டம் 1965 இலேயே நிறைவேறியது. இத்தகைய காலத்தில் வெள்ளைச் சிறுமிக்கும் கறுப்பின இளைஞனுக்கும் இடையிலான காதலை அச்சமூட்டும் செயலாகவன்றி மென்மையும் விளையாட்டும் நிறைந்த ஒன்றாகக் காட்டியமை பெருந்துணிவாகும். ஜோவின் வாழ்வில் அவளோடு பரிவாகப் பேசிய முதல் ஆடவன் ஜிமியே. அவனாக நடித்த போல் டன்குவா, கானா நாட்டின் விடுதலை அரசியலில் முன்னின்ற ஜே. பி. டன்குவாவின் மகன், சட்டம் பயின்றவர். அவர் தந்த நிதானமும் கண்ணியமும் பாத்திரத்துக்கு வலுவூட்டுகின்றன.

ஆயினும் கதை அவனை விரைவில் அனுப்பிவிடுகின்றது. கப்பல் கால்வாய் வழியே செல்கின்றது. அதனோடு அவனும் படத்தினின்று சென்றுவிடுகின்றான். தான் தந்தையாகப் போவதை அவன் அறிவதில்லை. அவனுடைய வீடு எது, அவனுக்காகக் காத்திருப்போர் யாவர், அவன் இந்நாட்டை எவ்வாறு நோக்குகின்றான் என்பன கூறப்படுவதில்லை. நாடகப் பிரதியிற்கூட அவன் ‘பையன்’ என்றே குறிக்கப்படுகின்றான். பெயர் பின்னரே தெரியவருகின்றது. ஜோவின் பார்வையெல்லைக்கு வெளியே அவனுக்கென ஒரு வாழ்வு காட்டப்படவில்லை. மாலுமி துறை விட்டுத் துறை செல்வது தொழிலின் இயல்பு. அதனைக் காட்டுவது யதார்த்தமே என வாதிக்கலாம். அவ்வாதம் அவனது பிரிவை நியாயப்படுத்துமேயன்றி அவனது வெறுமையை நியாயப்படுத்தாது. ஹெலனும் மகளை விட்டுச் செல்கின்றாள். ஆனால் அவள் ஏன் சென்றாள், ஏன் திரும்பினாள் என்பதைப் படம் பொறுமையோடு காட்டுகின்றது. ஜிமிக்கு அப்பொறுமை கிட்டவில்லை. கதைக்கு ஒரு குழந்தையையும் அக்குழந்தைக்கு ஒரு நிறத்தையும் வழங்கியதோடு அவன் பணி முடிந்துவிடுகின்றது. தோற்றம் இருக்கின்றது, குரல் குறைகின்றது. கறுப்பினத்தவர் பிரித்தானிய சமூகத்தின் உறுப்பினராகவன்றி வந்து செல்லும் விருந்தினராகவே எண்ணப்பட்ட காலத்தின் மனப்பாங்கு, முற்போக்கான இப்படைப்பினுள்ளும் தன் சுவட்டைப் பதித்துள்ளது.

ஜெவ்றியின் நிலை இதனினும் வேறுபட்டது. தன்பாலின விழைவு பற்றிய சட்டத்தைத் தளர்த்தும்படி வூல்பென்டன் குழு 1957 இல் விதந்துரைத்தது. அது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமானது 1967 இலேயே. அப்பொருளை மேடையிற் கையாள்வதற்கு இருந்த தணிக்கைத் தடைகூட 1958 இன் இறுதியிலேயே ஓரளவு தளர்த்தப்பட்டது. அதுவரை அத்தகையோர் மேடையிலும் திரையிலும் நகைப்புக்குரியவராகவோ நோயாளராகவோ தோன்றினர். ஜெவ்றி அவ்விரண்டுமல்லன். மேடையிலும் அப்பாத்திரத்தை ஏற்றிருந்த மறே மெல்வின், மிகை நடிப்பின்றி, குறுகிய அசைவுகளாலும் அடக்கிய குரலாலும் அவனை உருவாக்குகின்றார். ஜோ அவனது அந்தரங்கத்தைக் குடைந்து கேட்கும்போது, தன்னைக் கேலிப்பொருளாக்கினால் வெளியேறிவிடுவதாக அவன் எழுந்து நிற்பது பார்வையாளருக்கும் விடுக்கப்படும் எச்சரிக்கையாகும். பார்க்க வந்தவர்களின் ஆவலையே படம் அவ்விடத்தில் ஜோவின் உருவில் கண்டிக்கின்றது.

எனினும் அவனுக்கு வழங்கப்பட்ட இடம் யாது என்பதும் கருதத்தக்கது. அவன் துப்புரவாக்குகின்றான், சமைக்கின்றான், தைக்கின்றான், கருவுற்றோர்க்கான கைந்நூலைப் படிக்கின்றான். தாயிடம் கிடைக்காத தாய்மை அவனிடம் கிடைக்கின்றது. குடும்பம் என்பது குருதியினாலும் திருமணப் பதிவினாலும் மட்டும் ஆவதன்று. பராமரிப்பினாலும் ஆவதென்று காட்டிய வகையிற் படம் தன் காலத்தை முந்திச் சென்றுள்ளது. ஆனால் அவனது சொந்த ஆசையும் காதலும் முற்றாகவே மறைக்கப்பட்டுள்ளன. பிறர்க்குப் பயன்படும் வரையிலேயே அவன் ஏற்கப்படுகின்றான். ஜிமி குழந்தையை அளித்துவிட்டு மறைகின்றான். ஜெவ்றி குழந்தைக்குத் தொட்டில் ஆயத்தம் செய்துவிட்டு மறைகின்றான். இருவருமே கதையின் தேவை முடிந்ததும் வாயிலைக் கடந்து வெளியேறுகின்றனர்.

ஜெவ்றியை வெளியேற்றுபவள் ஹெலன். இப்படைப்பின் மிக ஆழமான சமூக நோக்கு இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. ஹெலனும் ஒதுக்கப்பட்டவளே. அவளும் ஒரு காலத்தில் ஜோவின் நிலையில் நின்றவள். கணவன் துணையின்றிப் பிள்ளை வளர்த்தவள். இப்போது பீற்றராற் கைவிடப்பட்டவள். டோரா பிறயன் அவளுடைய ஆரவாரத்தின் பின்னே முதுமையின் அச்சத்தையும் காட்டுகின்றார். அத்தகையவள் தன்னைப் போலவே புகலற்ற ஜெவ்றியை ஏளனம் செய்து விரட்டுகின்றாள். நாடகத்தின் இறுதியில், பேரப்பிள்ளை கறுப்பு நிறத்ததாக இருக்கலாம் என்று கேட்டதும் அதிர்ந்து, குடிப்பதற்கென வெளியே செல்கின்றாள். ஒடுக்கப்பட்டோர் ஒடுக்கப்பட்டோரை அறிந்து அணைத்துக்கொள்வர் என்னும் எளிய நம்பிக்கை இங்கே நொறுங்குகின்றது. தம்மை அழுத்தும் சமூகத்தின் மதிப்பீடுகளையே அவர்கள் தம்மினும் கீழ்ப்பட்டோர்மீது பிரயோகிக்கின்றனர். அறை மிகச் சிறியது. ஒருவர் உள்ளே வர ஒருவர் வெளியேற வேண்டியுள்ளது. பன்முக மாந்தரை ஒருங்கு சேர்த்தமை இப்படத்தின் புறவடிவம். அவர்கள் ஒருங்கு வாழ முடியாமை அதன் உட்பொருள். அவர்களைப் பிரித்து வைப்பது ஹெலனின் தனிப்பட்ட தீக்குணம் மட்டுமன்று. வாடகை, வேலையின்மை, துணையற்ற பெண்ணின் அச்சம், தெருவின் வாய் ஆகிய யாவும் சேர்ந்தே அவ்வறையின் அளவை நிர்ணயிக்கின்றன.

இதனாலேயே படத்தின் முடிவு முக்கியத்துவம் பெறுகின்றது. நாடகத்தின் முடிவில் ஜோ அறையிலே தனித்து நின்று, ஜெவ்றி கற்பித்த சிறுவர் பாடலொன்றைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்கின்றாள். திரைப்படமோ அவளைத் தெருவுக்குக் கொணர்கின்றது. கய் போக்ஸ் நினைவிரவு. சிறுவர் தீமூட்டி ஆடிப்பாடுகின்றனர். இருளில் மறைந்து நின்று ஜோவை நோக்கிவிட்டு ஜெவ்றி அகன்றுவிடுகின்றான். சிறுவனொருவன் கொடுத்த பொறிவாணக் கம்பியைக் கையில் ஏந்தி ஜோ அதன் ஒளியைப் பார்த்து நிற்கின்றாள். நாடக முடிவின் கடுமையை இது தணித்துவிட்டதென்று கூறலாம். காட்சியின் அழகு கேள்வியை மறைக்கின்றது என்பதிலும் உண்மையுண்டு. ஆனால் படம் முழுவதும் ஊடாடி வரும் தெருச்சிறுவர் கூட்டத்தை நினைவிற்கொண்டால் வேறொரு பொருளும் தோன்றும். ஜோவே இன்னும் அச்சிறுவர்களிலிருந்து முற்றாகப் பிரியாதவள். சில மாதங்களில் அவள் தாய். பொறிவாணம் எரியும் நேரமே அவளுக்கு எஞ்சியுள்ள பிள்ளைப்பருவம். பிறக்கவிருக்கும் குழந்தையும் ஒருநாள் இதே தெருவில் இக்கூட்டத்தோடு நிற்க வேண்டும். அதற்கு இடமளிக்கப்படுமா என்பதற்குப் படம் விடை கூறவில்லை.

பிற்காலப் படங்கள் சிலவற்றோடு ஒப்பிடுமிடத்து இதன் பேறும் குறையும் மேலும் தெளிவாகும். லெஸ்லி ஹரிஸ் எழுதி நெறிப்படுத்திய ‘ஜஸ்ற் அனதர் கேர்ள் ஒன் த ஐ.ஆர்.ரி.’ (1992), நியூயோர்க்கின் புறூக்ளினில் வாழும் பதினேழு வயதுக் கறுப்பினப் பெண் ஷன்ரெலின் கதை. மருத்துவராகும் கனவு கொண்ட அவள் கருவுற்றதை மறைக்கின்றாள், மறுக்கின்றாள், தடுமாறுகின்றாள். அவள் ஒளிப்படக் கருவியை நேரே நோக்கித் தன்னைப்பற்றித் தானே பேசுகின்றாள் என்பது குறிப்பிடத்தக்கது. ஜிமிக்குக் கிடைக்காத உரிமை அதுவே. கலைத்திறனில் அப்படம் சீரற்றதாயினும், தன் இனத்துப் பெண்ணொருத்தியின் கதையைச் சொல்லும் கருவி அங்கே ஒரு கறுப்பினப் பெண்ணின் கையில் உள்ளது. ‘கின்சன்யேறா’ (2006) லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் எக்கோ பார்க்கில் வாழும் மெக்சிக்க வம்சாவளியினர் பற்றியது. கருவுற்று வீட்டைவிட்டு நீங்கிய சிறுமியும், தன்பாலின விழைவு காரணமாக விரட்டப்பட்ட அவளது மைத்துனனும் முதியவரொருவரின் இல்லத்தில் ஒதுங்குகின்றனர். டெலானியின் அறையை அமைப்பில் அது பெரிதும் ஒத்தது. எனினும் அங்கே மைத்துனன் இறுதிவரை உடன் நிற்கின்றான். அவனுக்கும் சொந்த வாழ்வும் சொந்தத் துயரும் உண்டு.

இவற்றுக்கு மாறாக, இப்பொருள்பற்றிய படங்களுட் பெரும் வணிக வெற்றி கண்ட ‘ஜூனோ’ (2007) மினசோட்டா மாநிலத்து வெள்ளையின நடுத்தரக் குடும்பச் சிறுமியை நாயகியாக்கியது. டையப்லோ கோடியின் திரைக்கதை ஒஸ்கார் பரிசு பெற்றது. அதன் சொல்நயமும், சிறுமிக்கு அது வழங்கும் தன்மதிப்பும் பாராட்டுக்குரியன. ஆயின் அவ்வாண்டு ஐக்கிய அமெரிக்காவிற் பதின்வயதினரின் மகப்பேற்று வீதம் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடத்தும் கறுப்பினத்தவரிடத்தும் வெள்ளையரினும் இரு மடங்குக்கு மேலாக இருந்தது. அப்பெண்களின் வாழ்வு அப்படத்தில் இல்லை. வெள்ளையரல்லாத முகமாக நினைவில் நிற்பவள் மருத்துவ நிலைய வாயிலிற் சிறிது நேரம் தோன்றி நகைப்பூட்டும் கிழக்காசிய வம்சாவளித் தோழியே. ஒரு கதை ஒருத்தியைப்பற்றியே பேசலாம், அது குற்றமன்று. ஆனால் பண வசதியும் பரிவான பெற்றோரும் ஆயத்தமான வளர்ப்புப் பெற்றோரும் வாய்த்த ஒருத்தியின் கதையே அனைவரதும் கதையாகக் கொண்டாடப்படும்போது, அவை வாய்க்காதோர் தம் நிலைக்குத் தாமே பொறுப்பாளிகள் போலத் தோன்றிவிடுவர். ஜோவின் கதை அந்த ஏமாற்றத்துக்கு இடந்தருவதில்லை. அவளது ஒவ்வொரு முடிவிலும் கூலியும் வாடகையும் கணக்கில் வருகின்றன.

எனவே, ‘எ ரேஸ்ற் ஒவ் ஹனி’யை மதிப்பிடுகையில் இரண்டு தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். பல வகையினரும் இடம்பெற்றனர் என்பதற்காக அதனைப் பிரதிநிதித்துவத்தின் நிறைவாகப் போற்றுவது ஒரு தவறு. இன்றைய அளவுகோலை வைத்து ஜிமியின் குறைபாட்டை மட்டும் சுட்டி அதனைத் தள்ளிவிடுவது மற்றொரு தவறு. பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி தான் அறிந்த அறையை அறிந்தபடியே எழுதினாள். அவ்வறையினுள் நின்றோர்க்கு உயிரளித்தாள். வாயிலோடு சென்றோரின் முகத்தைக் கண்டாள். அவர்கள் சென்ற வழியை அவள் காணவில்லை. அவள் காணாததை எழுதுவதற்கு அவ்வழியிற் சென்றோரின் பிள்ளைகள் வரவேண்டியிருந்தது. பிறருக்காக எவ்வளவு பரிவோடு பேசினும், பேசப்படுபவரே பேசுவதற்கு அது ஈடாகாது என்பதே இப்படம் தன் குறையினால் உணர்த்தும் பாடம். பொருந்தாத பொம்மையைப் பொருந்தாதது என்று உரக்கச் சொல்லும் ஒருத்தி முதலில் வேண்டும் என்பது அது தன் நிறைவினால் உணர்த்தும் பாடம். அவ்வகையில், அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்படம் பதின்வயதுத் தாய்மைபற்றி எழுந்த பல பிற்காலப் படங்களினும் நேர்மையானது. தான் எழுப்பிய வினா அளவுக்கு விடை பெரிதாகாமையால் முற்றுப்பெறாததுமாகும்.